பின்வீட்டுச் சாவியை உன்னைக் கேட்காமல் கொடுத்தது பற்றி

அன்பு மகனுக்கு,

தை மாதத்தில் உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று அம்மா ஓடிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் போனில் பேசாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் முயன்றேன். உன் குரலைக் கேட்டதும், ஓசூரில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் விட்ட இடம் மறந்துவிடும். நில அளவைப் பிரிவில் உட்கார்ந்து காலமெல்லாம் வரைபடம் போட்டவன் புத்தி அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கென்று கட்டிய பின்வீட்டை ஒரு குடும்பத்துக்குக் குடியிருக்கக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்கவில்லை. தைக்குப் பிறகும் அவர்கள் அங்கே இருக்கலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஓய்வுபெற்ற பிறகு நான் ஒரு அறக்கட்டளையில் சேர்ந்தது உனக்குத் தெரியும். சாயங்காலப் பொழுது போகட்டும் என்றுதான் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் கடைகளின் ஓரத்திலும் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு ஒரு வீடு ஏற்படுத்திக் கொடுப்பது எங்கள் வேலை. திருச்சுழி ரோட்டில் ஒருவர் தானமாகக் கொடுத்த நிலத்தில் சின்னச் சின்ன வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவை முடிய நாளாகும். அதுவரை என்ன செய்வது என்று பேசும்போதுதான் அருப்புக்கோட்டையில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பது எங்கள் கண்ணில் பட்டது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வீடு இங்கே பூட்டோடு நிற்கிறது. இன்னொரு பக்கம், குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து வீட்டுக்காரர்கள் கேட்கும் வாடகையும் அட்வான்ஸும் தறிக்கூடத்தில் கூலிக்குப் போகிறவர்களுக்கு எட்டுவதாக இல்லை. பூட்டிய வீட்டுக்காரர்களைப் பார்த்து, குறைந்த வாடகைக்குக் கொடுங்கள், வீட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று கேட்கும் வேலை என் பங்குக்கு வந்தது. இதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த ஊரில் கிடையாது. ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவன் நான். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாததால் சரி என்றேன்.

பஜாரில் பருத்தி கமிஷன் கடை வைத்திருப்பவரிடம் போனேன். அவருக்குப் பூட்டிய வீடுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "குடி வர்றவுக இப்ப எங்க இருக்காக சார்?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் என்றேன். "பஸ் ஸ்டாண்டுலயா? நாளைக்கிக் காலி பண்ணுங்கன்னா, எங்க பஸ்ஸு இன்னும் வரலன்னு சொல்லுவாகளே" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். பிறகு அவர் என் பக்கம் குனிந்து, "கோவிச்சுக்கிடாதீக சார். ஒங்க பின்வீடு கட்டுன நாள்லருந்து பூட்டித்தான கெடக்கு? மொதல்ல அதத் தெறங்க. தெறந்துட்டு வந்து எங்கிட்டக் கேளுங்க, பேசுவோம்" என்றார். மடக்குவதற்காகக் கேட்டாரோ என்னவோ, கேள்வியில் தப்பில்லை. நீ அனுப்பிய பணத்தில் அந்த வீட்டைக் கட்டி முடித்தபோது, கல்யாணம் ஆனதும் நீயும் மருமகளும் வந்து முதல் பால் காய்ச்சிக் குடிபோகட்டும் என்று அம்மா சொன்னாள். பூட்டினோம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் திறந்து பெருக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் பூட்டுவாள். ஊரார் வீட்டைத் திறக்கச் சொல்லி நான் அலைந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் பேச்சியைப் பார்த்தேன். நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். கணவன் இறந்த பிறகு, மகளின் படிப்புக்காக மாமனாரையும் அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை பார்க்கிறாள். குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் காலிசெய்ய வைத்துவிட்டார். வேறு வீடு அமையாமல் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. காலையில் அங்கேயுள்ள கட்டணக் கழிப்பறையில் சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமனார் ஆடு மேய்த்தவர், வாய் சும்மா இருக்காது. நான் தயங்கித் தயங்கி அவர்கள் பக்கத்தில் போய் நின்றதும், "சாரு எந்த ஊருக்குப் போகணும்? பஸ்ஸு நேரமெல்லாம் எனக்கு அத்துப்படி" என்றார். எங்கும் போகவில்லை, உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றேன். "எங்களயா? அப்ப போலீசா?" இல்லை, அறக்கட்டளை என்றேன். "அதுக்குப் போலீசே தேவலையே. அவுக எந்திரிடான்னுட்டுப் போயிருவாக. ஒங்கள மாதிரி ஆளுக பக்கத்துல உக்காந்து கதை கேப்பீக." பேச்சி, "மாமா, செத்த சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு, நான் உட்காரத் துணியை விரித்துப் போட்டாள்.

அம்மா அப்போது ஊரில் இல்லை. சாத்தூரில் உன் சித்திக்கு ஆபரேஷன் ஆகி, அங்கே துணைக்கு இருந்தாள். அவள் இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன், கேட்டிருந்தால் நடந்திருக்காது. அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தைரியம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தை வரைக்கும் இருந்துகொள்ளுங்கள், அதற்குள் வேறு வீடு பார்த்துவிடலாம் என்று சொல்லி பேச்சியிடம் சாவியைக் கொடுத்தேன். மோட்டார் சுவிட்ச் எது, தொட்டிக் குழாய் எது, எந்தக் கதவு மழைக்கு இறுகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அறக்கட்டளையில் கொடுத்த அடுப்பையும் சிலிண்டரையும் சமையலறைத் திண்டில் வைத்துப் பொருத்தினோம். பிறகு முன்வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

மறுநாள் காலையில் நம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், பேச்சி கொல்லையில் கல் கூட்டி விறகு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள்தானே, பழகட்டும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. படுப்பது உள்ளே, துவைத்த துணியை மடித்து வைப்பது உள்ளே, அந்தப் பெண் படிப்பதும் உள்ளே; அடுப்பு மட்டும் வெளியே. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாமனார் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அடியில் பேச்சி ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பாள். மழை வலுத்தால் கடை இட்லி. புத்தம் புது அடுப்பு உள்ளே சும்மா கிடந்தது. நான் தினமும் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏன் என்று போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று யோசித்து, என் மனசுக்குள்ளேயே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். வெட்டவெளியில் இருந்து பழகியவர்கள், நாலு சுவருக்குள் புழங்க அவர்களுக்கு நாளாகும் என்று. கொஞ்சம் படித்தவனுக்கு இப்படிப்பட்ட காரணம் வெகு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாதக் கூட்டத்தில், குடிவைத்த குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது, நான் ஜன்னலில் பார்த்ததையும் அதற்கு நான் வைத்திருந்த காரணத்தையும் சொன்னேன். எங்கள் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற அம்மாள், எதையும் தள்ளிப்போட மாட்டார். "அவங்களுக்கு வீடு ஒட்டலன்னா எதுக்கு சார் கட்டாயப்படுத்தணும்? மதுரையில ஒரு விடுதி இருக்கு, அங்க சேத்துருவோம். ஒங்க வீட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற வேற குடும்பத்தக் கொண்டுவருவோம்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் பொதுத்தேர்வு வருகிறதே, நடுவருடத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். அடுத்த கூட்டம் முடிந்ததும் அவர்கள் கிளம்ப வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே பல நாள் ஓட்டினேன்.

உன்னிடமும் நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது மாடியறையை உனக்கென்று ஒழித்துக் கொடுத்தேன். நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிடுவாய். இருட்டுக்குப் பயப்படுகிறாய் என்று முடிவுசெய்து பெரிய பல்பு வாங்கி மாட்டினேன். அப்படியும் நீ போகவில்லை என்றதும் இன்னும் பெரிதாக ஒன்று. கடைசியில் அம்மாதான் உன்னைக் கேட்டாள். பக்கத்து வீட்டு விசைத்தறி அந்தச் சுவரை ஒட்டி ஓடுகிறது, புத்தகத்தில் எழுத்தே ஆடுகிறது என்று சொன்னாய். ஒரு கேள்வியில் தெரிந்திருக்க வேண்டியதற்கு நான் பல்பு கடைக்கு நடந்துகொண்டிருந்தேன்.

பேச்சி விஷயத்திலும் அம்மாதான் வர வேண்டியிருந்தது. சாத்தூரிலிருந்து ஒரு மத்தியானம் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்கும்போதே கொல்லையில் புகையைப் பார்த்துவிட்டாள். நான் சொன்னேன். நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு, எனக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது. அதனால் அவள் என்னைத் திட்டியதைத் தமிழில்தான் எழுதுகிறேன், காரம் பாதி குறைந்திருக்கும். "நான் கொஞ்ச நாளு அந்தப் பக்கம் போனா வீட்டத் தூக்கிக் குடுத்துருவீகளா? எம் மருமக வந்து கால் வைக்கவேண்டிய வீடு. மொதப் பாலு அவ காய்ச்சணும்னு நான் பூட்டி வச்சிருந்தா, எவளோ வந்து காய்ச்சிட்டாளா?" காய்ச்சினாளா என்று எனக்குத் தெரியாது, சாவிதான் கொடுத்தேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே பின்வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

சமையலறைத் திண்டில் அடுப்பு நாங்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. கறை இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு கொல்லைக் கதவருகே போய், "ஏம்மா, உள்ள அடுப்ப வச்சுக்கிட்டு எதுக்கு மழையில நனையிற?" என்று கேட்டாள். பேச்சி எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான் வீட்டம்மாவா? பக்கத்து வீட்டுல சொன்னாகம்மா. ஒங்க மகனுக்குக் கட்டுன வீடு, இன்னும் பாலு காய்ச்சலன்னு. வீட்டாளுக காய்ச்சாம நாங்க எப்படிம்மா மொத அடுப்பப் பத்தவைக்கிறது? நாளைக்கி அவுகளுக்கு ஒரு தலவலி காச்சல்னாலும் எங்க பேரத்தான சொல்லத் தோணும். சாருட்டக் கேக்கலாம்னு பாத்தேன். அவுக எங்களப் பாத்தாலே ஜன்னலச் சாத்திக்கிறாக." மாமனார் உள்ளேயிருந்து, "சாத்துறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்துட்டுத்தான் சாத்துறாரு" என்றார்.

அம்மா திரும்பி அந்த அடுப்பைப் பார்த்தாள். அவள் எதை நினைத்துக்கொண்டு நின்றாள் என்று எனக்குத் தெரியும் என்று எழுத வந்தேன். தெரியாது என்பதுதான் உண்மை. வெள்ளிக்கிழமைதோறும் பெருக்கித் துடைத்து உனக்காக வைத்திருந்த அடுப்படி அது. பிறகு என் பக்கம் திரும்பி, "நின்னுக்கிட்டே இருக்கீகளே, போயிப் பாலு வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் பாலோடு திரும்பி வந்தபோது தரையில் கோலம் போட்டு, விளக்கு ஏற்றி, பேச்சியின் பாத்திரத்தையே கழுவி வைத்திருந்தாள். பேச்சி மட்டும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். "நல்ல காரியத்துல நான் எதுக்கும்மா? நீங்க காய்ச்சுங்க" என்றாள். அம்மா தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கி இந்த அடுப்புல சோறு வடிக்கப்போறது நானா? உள்ள வா. பொங்குறத நீ பாக்கணும்" என்று அதட்டினாள். பேச்சி உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பால் ஏறியது. மாமனார் எட்டிப் பார்த்து, "பொங்கட்டும், பொங்கட்டும். ஆனா முழுக்கவும் விட்றாதீக, காப்பிக்குக் கொஞ்சம் வேணும்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். முதல் டம்ளரைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அன்று சாயங்காலம் பின்வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகத் தாளிக்கும் வாசனை வந்தது. கொல்லையில் இருந்த கற்களை மாமனார் அவரே எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அறிக்கை சொல்லும் நேரத்துக்குக் காத்திருந்தால் மறுபடியும் தலையாட்டிவிடுவேன் என்று பயந்து, ஆரம்பத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். போன தடவை நான் சொன்னது தவறு, அந்தக் குடும்பத்துக்கு வீடு பிடித்திருக்கிறது, வீட்டுக்காரனான நான்தான் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டேன் என்றேன். "நீங்களே பாத்ததாத்தான சார் சொன்னீங்க?" என்று செயலாளர் கேட்டார். ஆமாம், பார்த்தேன், கேட்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. பேச்சியை மதுரைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது எந்த வீட்டுச் சாவி கொடுத்தாலும், வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து பால் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறோம். சிலர் முணுமுணுக்கிறார்கள். அப்படி வந்த வீட்டுக்காரர்கள், குடிவந்தவர்களோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள்; பிறகு அவர்களைப் பற்றி என்னிடம் விசாரிக்காமல் நேரே அவர்களிடமே பேசிக்கொள்கிறார்கள். கமிஷன் கடைக்காரரிடம் மறுபடியும் போனேன். பின்வீட்டைத் திறந்துவிட்டேன் என்றேன். "அப்படியா, நல்லது சார்" என்று டீ சொன்னார். வீட்டைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் விடுவதாக இல்லை, டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. இருந்தாலும் கல்யாணத்துக்கு முன் அப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று இருக்க வேண்டாம். உன்னோடு வாழ வருகிற பெண் ஏதாவது ஒன்றைச் செய்யாமல் இருந்தால், ஏன் என்று அவளிடமே கேட்டுவிடு. நீயாக ஒரு காரணம் வைத்துக்கொள்ளாதே. அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படு. கேட்கக் கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே கேள். நான் அம்மாவோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில், கேட்டு அவள் வருத்தப்பட்டதாக நினைவில்லை. கேட்காமல் இருந்ததற்குத்தான் பல தடவை சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். அவளுடைய கோபத்தை நான் தலைவலி என்று எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கி வந்ததும் உண்டு.

இனி உன்னிடம் கேட்க வந்தது. அந்த வீட்டில் முதல் பால் காய்ச்சியாயிற்று. அதை உனக்கு மறுபடியும் கொடுக்க என்னால் முடியாது. அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். "அவுக வாழப்போறது ஓசூர்ல. அங்க காய்ச்சட்டும், நான் போயிக் கூட நிக்கிறேன்" என்கிறாள். பேச்சியிடம் நான் தை வரைக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். திருச்சுழி ரோட்டு வீடுகள் முடிகிற வரைக்கும், அந்தப் பெண் பரீட்சை எழுதி மேலே படிக்கப் போகிற வரைக்கும், தேவைப்பட்டால் அதற்குப் பிறகும், அவர்கள் அங்கே இருக்கலாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது உன் உழைப்பில் எழும்பிய வீடு. ஒரு தடவை உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், இரண்டாவது தடவையும் அப்படிச் செய்யக் கூடாது. கல்யாணத்துக்கு வரும்போது நீங்கள் தங்க அந்த வீடு வேண்டும் என்றாலும், வேறு எண்ணம் இருந்தாலும், தயங்காமல் சொல். நான் வருத்தப்படுவேன், அதற்காக நீ சொல்லாமல் இருக்காதே.

பத்திரிகை நேற்று அச்சாகி வந்துவிட்டது. யார் யாருக்கு என்று உறைகளில் பெயர் எழுதும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறாள். பேச்சியின் மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ் ஸ்டாண்டுல கெடந்தப்ப எங்க சொந்தக்காரனுக கையில பத்திரிகையோட எம் முன்னாடிதான் பஸ்ஸு ஏறுனானுக. ஒருத்தனும் நீட்டல. எங்க வந்து வைக்கிறதுன்னு நெனச்சானுகளோ என்னமோ" என்று சிரித்தார். அவர் போன பிறகு ஓர் உறையை எடுத்து அவர் பெயரை எழுதினேன், குடும்பத்தோடு என்று சேர்த்தேன், நம் கதவு எண்ணையும் தெருவையும் எழுதி அதற்கு மேலே பின்வீடு என்று போட்டேன். மற்ற எல்லா உறைகளிலும் பேனாவால் எழுதியிருக்கிறேன். இதில் மட்டும் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நீ சரி என்று சொன்னதும் அதன் மேலேயே மையால் எழுதிவிடுகிறேன். வரும்போது நீயே கொண்டுபோய் வை.

உன் அப்பா